சீசனில் பார்த்து வையுங்கள், ஆஃப் சீசனில் சொல்லிக் கொடுங்கள்

மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் எந்த மாம்பழ ஜூஸ் ஃபேக்டரிக்குள் போனாலும் பழத்தைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் கன்வேயரின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே பதவிதான்: ஹெல்பர். திறன் சாராப் பணியாளர் என்று சம்பளப் பட்டியல் சொல்லும்.

அந்தத் திறன் சாராப் பணியாளர் செய்வதைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். பெங்களூரா ரக மாம்பழம் பழுத்தாலும் முழுசாக மஞ்சளாகாது, பச்சை தங்கியிருக்கும். நிறத்தை நம்ப முடியாது. பெல்ட்டில் பழம் கடந்து போகும் ஓரிரு நொடிக்குள் காம்புப் பக்கத் தோளில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, உள்ளங்கையில் ஓர் உருட்டு. இன்னும் ஒரு நாள் வேண்டிய பழம் பழுக்கவைக்கும் அறைக்குத் திரும்பும். பதமானது கழுவும் தொட்டிக்குப் போகும். புளித்த வாடை அடிப்பது கழிவுக் கூடைக்கு. அல்போன்சா வந்தால் வெட்டும் மேசையில் இன்னொரு கணக்கு ஓடும். வெளியே பொன்னாக இருக்கும் பழத்துக்குள் பஞ்சு மாதிரி வெளிறிப்போன புளிப்புச் சதை இருக்கலாம், வெட்டினால்தான் தெரியும். எந்த லோடில் அது அதிகம் என்று லேபுக்கு முன்னால், பர்ச்சேஸ் ஆளுக்கு முன்னால் தெரிந்துகொள்பவர் கத்தி பிடித்திருக்கும் ஹெல்பர். அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் எந்தத் தோட்டத்துக் காய் என்பதுவரை சொல்வார்.

இப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டு மேலே கொண்டுவருவது எப்படி, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இந்தப் பதிவு. மாங்கூழ் ஆலையை உதாரணமாக வைத்துப் பேசினாலும் ஓசூர் சிப்காட் பட்டறைக்கும், தர்மபுரியில் பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. சூப்பர்வைசர் ஷிஃப்ட் முடியும்போது ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: இன்று யார், யாரும் சொல்லாமலே, எதைக் கவனித்தார்? ‘நல்ல பொண்ணு’, ‘சுறுசுறுப்பு’, ‘சொன்ன பேச்சு கேட்பார்’ போன்றவற்றுக்கு அதில் இடமில்லை. அவை சூப்பர்வைசருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைத்தான் காட்டும். வரி இப்படி இருக்க வேண்டும்: ‘இரண்டாம் ஷிஃப்ட். டின் தட்டிப் பார்க்கும் அக்கா, ஒரே ட்ரேயில் நாலு டின் மொத்தையாகச் சத்தம் தருகிறது என்றார். சீமர் ரோலர் லூஸ்.’

டின் தட்டும் வேலை தெரியாதவர்களுக்கு: கூழ் நிரப்பி மூடிக் குளிரவைத்த டின்னின் மூடியைச் சின்னக் கம்பியால் தட்டுவார்கள். உள்ளே வெற்றிடம் சரியாக இருந்தால் கணீரென்று வரும். காற்று புகுந்திருந்தால் மொத்தைச் சத்தம். ஒரு டின் மொத்தை என்றால் அந்த டின் கோளாறாக இருக்கலாம். அடுத்தடுத்து நாலு என்றால் மூடி மடிக்கும் சீமரில்தான் ஏதோ தளர்ந்திருக்கிறது. மொத்தை டின்னை ஒதுக்கி வைப்பது ஹெல்பர் வேலை. நாலும் ஒரே ட்ரே என்று கோத்துப் பார்த்து ஆளைத் தேடிப் போய்ச் சொல்வது மெக்கானிக் மூளை. இரண்டையும் ஒரே பெண் செய்கிறார், நாம் முதலாவதற்கு மட்டும் கூலி கொடுக்கிறோம். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் குடோனில் டின் உப்பத் தொடங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும். அதற்குள் அந்த ஷிஃப்ட் உற்பத்தி முழுவதும் சந்தேகக் கணக்கில் போயிருக்கும்.

மூன்று வாரம் எழுதிவிட்டு நோட்டைப் புரட்டுங்கள். நாற்பது பேரில் ஐந்தாறு பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் அநேகமாக நீங்கள் மனதில் நினைத்து வைத்திருந்தவர்கள் அல்ல. மனசில் நிற்பவர்கள் வாய் உள்ளவர்கள், இல்லையென்றால் சூப்பர்வைசரின் ஊர்க்காரர்கள். இரண்டுமே குற்றமில்லை, ஆனால் திறமைக்கு அத்தாட்சியும் இல்லை.

நோட்டுக்கு வெளியே ஒரு சோதனை உண்டு, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சந்தேகம் வந்தால் பக்கத்து ஆட்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கிரேடு மாறுகிறதா, எந்த மூட்டையை முதலில் இறக்குவது, தண்ணீரில் குளோரின் வாடை இன்று அதிகமா? ‘அந்த அக்காவைக் கேளு’ என்று கை நீளும் திசை எந்த மதிப்பீட்டுப் படிவத்தையும்விடச் சரியாக இருக்கும். அந்த அக்கா லீவு போடும் நாளில் லைன் எப்படி ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

நோட்டில் ஒரு வரிகூட வராதவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். யார் டீ தூக்குவது, யார் கக்கூஸ் கழுவுவது என்பதை எந்த மேனேஜரும் எழுதிப் போடுவதில்லை. ஊரில் இருக்கும் தெருக்கணக்கு கேட்டைத் தாண்டி உள்ளே வந்து தானாகவே ஆளைப் பிரித்துவிடுகிறது. துடைப்பம் பிடித்தவர் பெயர் நோட்டில் வரவில்லையென்றால், கண்ணில் படும் இடத்தில் அவரை நிறுத்தவே இல்லை என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு தடவை ஆட்களை இடம் மாற்றுங்கள். துப்புரவு உட்பட எல்லா வேலையும் எல்லாருக்கும் வரட்டும். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். சிலர் வெளிப்படையாகவே மறுப்பார்கள். அந்த இடத்தில் பின்வாங்கினால் மீதி எதைச் செய்தும் பலன் இல்லை.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் தனி ரகம். சித்தூர், குப்பம் பக்கத்துக் காய் வண்டிக்காரரிடம் தெலுங்கு, பெங்களூர் டிரைவரிடம் கன்னடம், லோடு ஏற்றும் வடநாட்டுப் பையன்களிடம் தட்டுத் தடுமாறி இந்தி. இந்த எல்லையோர மாவட்டத்தில் அது அதிசயமில்லை என்பதால் அது ஒரு தகுதியாகவே யாருக்கும் படுவதில்லை. ஆனால் நாற்பது வண்டி வரிசையில் நிற்கும் நாளில், டோக்கன் முறையை மூன்று மொழியில் சொல்லிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்பவர் செய்வது யார்டு இன்சார்ஜ் வேலை. டோக்கன் நம்பர், வண்டி எண், ரகம், வந்த நேரம் என நாலு கட்டத்தைக் கம்ப்யூட்டரில் பதியக் கற்றுக்கொடுக்க தினம் கால் மணி நேரம், பத்து நாள் போதும். எடை மேடையில் உட்கார ஆள் இல்லாத நாளில் அதன் அருமை தெரியும்.

இனி சொல்லிக் கொடுப்பது. சீசனில் முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். பெல்ட் ஓடும்போது மெஷினைக் காட்டிப் பாடம் எடுப்பது ஆபத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் காதில் எதுவும் ஏறாது. பழம் நின்று, ஆகஸ்ட் தாண்டி மெஷினைப் பிரிக்கத் தொடங்கும்போதுதான் வகுப்பு. ஆனால் சீசன் ஆட்களை அப்போது கணக்கு முடித்து அனுப்பியிருப்போம். அடையாளம் கண்ட ஐந்தாறு பேரும் ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள். அடுத்த மே மாதம் புது நாற்பது பேர், புது நோட்டு. இந்த மாவட்டத்தில் திறமை வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு ஓட்டையில்தான். நாற்பதில் மூன்று பேரையாவது ஆஃப் சீசன் பராமரிப்புக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியாள் வைத்துப் பெயிண்ட் அடிக்கவும் துருவெடுக்கவும் கொடுக்கும் காசில் பாதி இதற்கு வந்துவிடும்.

பழத்தைக் கூழாக்கும் பல்ப்பர் மெஷினைப் பிரிப்பது நல்ல முதல் பாடம். மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸைக் கழற்றி, பேனல் சாவியைக் கற்றுக்கொள்பவர் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபோர்மேன் பாக்கெட்டில் இருந்தால் அது அவருடைய பாதுகாப்பு, இவருடையது அல்ல. முதல் தடவை ஃபோர்மேன் கழற்றுவார், இவர் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் சாக்கு மேல் அடுக்குவார். இரண்டாம் தடவை இவர் கழற்றுவார், செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே. மூன்றாவது தனியாக. நாலாவது தடவை இன்னொரு ஹெல்பருக்கு இவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். புரியாமல் மனப்பாடமாகச் செய்த இடமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சல்லடைக்கும் உள்ளே சுழலும் துடுப்புக்கும் இடைவெளி ஏன் என்று கேளுங்கள். ‘புக்ல இருக்கு சார்’ என்றால் பாடம் முடியவில்லை. ஒட்டி வைத்தால் சல்லடை கிழியும், நார் கூழில் இறங்கும். தள்ளி வைத்தால் சக்கையோடு கூழும் வெளியே போகும் என்று சொன்னால் முடிந்தது.

லேப் பக்கம் என்றால் ரிஃப்ராக்டோமீட்டர், கூழின் இனிப்பை பிரிக்ஸ் என்ற அளவில் காட்டுவது. கையடக்கக் கருவி, பார்ப்பது சுலபம், தவறு செய்வது அதைவிடச் சுலபம். முதலில் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா பார்க்க வேண்டும். துணியால் ஒற்றி எடுத்து, கூழ் இரண்டு சொட்டு, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, அரை நிமிஷம் பொறுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிஷம் எதற்கு? சூடான சொட்டு கருவியின் வெப்பத்துக்கு வருவதற்கு. கருவியின் அளவுகோல் 20 டிகிரிக்குக் குறித்தது. வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளாத பழைய வகையாக இருந்தால் 30 டிகிரி கூழ் சுமார் முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். பெங்களூரா கூழுக்கு வாங்குபவர் வழக்கமாகக் கேட்பது குறைந்தது 14. உண்மையில் 14.5 இருக்கும் லோடு 13.75 காட்டி ரிஜெக்ட் ஆகிவிடும். இதைக் கணக்கோடு சொன்னால் அந்தப் பெண் வாழ்நாளில் சூடான கூழை அவசரமாகச் சொட்டுவிட மாட்டார். ‘வெயிட் பண்ணணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் தலை திரும்பியதும் விட்டுவிடுவார். நியாயமும் அதுதானே.

இங்கே ஒரு சின்னக் கல் எல்லாரையும் இடறும்: தசமப் புள்ளி. எட்டாவதோடு நின்றவருக்கு 14.2 பெரிதா 14.12 பெரிதா என்றால் இரண்டாவது பெரிதாகத் தெரியும். ரூபாய் பைசாவில் சொல்லிப் புரியவைக்கப் போனால், 14.2 என்பதைப் பதினாலு ரூபாய் இரண்டு பைசா என்று எடுத்துக்கொள்வார். எலக்ட்ரானிக் தராசில் சொல்லுங்கள். மாங்காய் எடை போட்டுப் பழகிய கண்ணுக்கு 14.200 என்றால் பதினாலு கிலோ இருநூறு கிராம், 14.120 என்றால் நூற்று இருபது கிராம். ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ‘அவங்களுக்கு கணக்கு வராது சார்’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்காதவர் சொல்வது.

ரீடிங் எடுக்கப் பழகியதும் வரும் அடுத்த வியாதி, நேற்றைய எண்ணையே இன்றும் எழுதுவது. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், பயம். வரம்புக்கு வெளியே எழுதினால் ‘என்ன பண்ணி வச்சிருக்க?’ என்று முதல் கேள்வி தன் மேல் வரும் என்பது ஹெல்பராக இருந்த காலத்தில் கற்ற பாடம். முதல் மாதம் தவறான ரீடிங்கைக் கொண்டு வந்து காட்டும் ஒவ்வொரு தடவையும், ‘நல்ல வேளை பார்த்தீங்கம்மா’ என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கூடவே பேனலில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து ஒட்டுங்கள். பிரஷர் கேஜில் பச்சை, சிவப்பு டேப் போட்டு ஓடவேண்டிய இடத்தைக் காட்டுங்கள். பவர்பாயின்ட் வகுப்பு வேண்டாம். ஏசி அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவார்கள்.

வகுப்பு ஷிஃப்ட் நேரத்துக்குள் இருக்க வேண்டும். போச்சம்பள்ளிக்கோ ஊத்தங்கரைக்கோ போகும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத ஆளிடம், ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம் இரும்மா என்றால் அவர் மனசு பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கும்.

பணத்துக்கு வருவோம். ஹெல்பருக்கு ஆபரேட்டர் வேலை கொடுத்தும் வேண்டாம் என்கிறார்களே, முன்னேற ஆசையே இல்லையே என்று புலம்பும் முதலாளிகள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் கூலி 500 என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 13,000. சீசனில் தினம் 2 மணி நேரம் ஓவர்டைம், மணிக்கு 62.50, இரட்டிப்பு 125. மாதம் 6,500. மொத்தம் 19,500. ஆபரேட்டராக்கி ‘மாதச் சம்பளம் 16,000, ஓவர்டைம் கிடையாது’ என்றால் பொறுப்பு கூடி 3,500 ரூபாய் குறைகிறது. வேண்டாம் என்பவர் ஆசையில்லாதவரா, கணக்குத் தெரிந்தவரா? மெஷினில் நிற்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் என்று பெயர் வைத்ததால் மட்டும் சட்டப்படியான இரட்டிப்புக் கூலி போய்விடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பழகும் காலத்திலேயே படி கொடுங்கள், தினம் 30 ரூபாயாக இருந்தாலும். ‘முதல்ல கத்துக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்’ என்ற வாக்குறுதியை இந்த ஊரில் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். மேஸ்திரி மூலம் வந்த ஆளாக இருந்தால் மேஸ்திரியிடமும் பேசிவிட வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் அவருக்குக் கமிஷன் குறையும், மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேனில் இடம் இருக்காது.

நாலு வாரம் சோதனை, பிடிக்கவில்லையென்றால் பழைய இடம், பழைய கூலி, யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முன்கூட்டியே எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். திரும்பிவரும் வழி தெரிந்தால்தான் காலை எடுத்து வைப்பார்கள். எடுத்த எடுப்பில் அவர் கூட நின்ற பெண்களுக்கே சூப்பர்வைசராகப் போடாதீர்கள். மெஷின் தெரிவதும் ஆளை வேலை வாங்கத் தெரிவதும் வேறு வேறு. நேற்றுவரை ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்களை இன்று அதட்ட வேண்டிய சங்கடத்தில் நல்ல ஆபரேட்டர் ஒருவரை இழப்பீர்கள்.

உள்ளிருந்து வரும் எதிர்ப்பு பெரும்பாலும் லைன் சூப்பர்வைசரிடமிருந்து. ‘அவங்கள எடுத்துட்டா என் லைன் படுத்துடும்’ என்பார். பொய்யில்லை. அதனால்தான் அவர் நோட்டில் அந்தப் பெயரையே எழுதாமல் இருப்பார். மாற்று ஆள் பழகிய பிறகே எடுப்போம் என்று அவருக்கு உறுதி கொடுங்கள். அவர் லைனிலிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்பதை அவர் போனஸ் பேச்சில் சேருங்கள்.

கையில் வேலை இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்கு அரசு வழிகள் இருக்கின்றன, கம்பெனிகள் சொல்வதில்லை. எலக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடித்தே வயரிங் கற்றவர், 21 வயது முடிந்து ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அறிவிப்பு வரும்போது அரசு ஐடிஐயில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். ஐடிஐ படிக்காமலே வேலை அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராகத் தொழில் தேர்வு எழுதும் வழியும் உண்டு. எட்டாவதும் பத்தாவதும் தனித்தேர்வராக முடிக்கலாம். பாய்லரில் வருஷக்கணக்காக விறகு தள்ளுபவருக்கு அனுபவம் எவ்வளவு இருந்தாலும் தகுதிச் சான்று இல்லாமல் பொறுப்பேற்க முடியாது. அதற்கும் தேர்வு இருக்கிறது. உணவு ஆலைகளில் உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேண்டும் என்பதற்காக நடக்கும் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சிக்கு எப்போதும் ஆபீஸ் ஆளையே அனுப்புகிறோம். சார்ட்டிங்கில் நிற்பவரை அனுப்பிப் பாருங்கள்.

இவற்றில் பலவற்றுக்கும் தேவையான ஒரு காகிதம் அனுபவச் சான்று. அதைக் கேட்டால்தான் நிர்வாகம் முகம் சுளிக்கும், வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்று. லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, செய்த வேலை (‘ஹெல்பர்’ என்று அல்ல, ‘மோட்டார் கனெக்ஷன், பேனல் வயரிங் உதவி’ என்று), கையெழுத்து, சீல். பத்து நிமிஷ வேலை. காண்ட்ராக்டர் பெயரில் இருப்பவருக்குக் காண்ட்ராக்டரைத் தரச் சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

ஆபீஸ் அட்டெண்டர், டிரைவர், டீ கொண்டுவரும் அம்மா இவர்களுக்கும் இதே நோட்டுதான். எந்த பில் எந்த மேசையில் தேங்கும் என்று அட்டெண்டருக்குத் தெரியும். ஃபைல் நகர்வுப் பதிவேட்டை அவரிடமே கொடுத்துவிடலாம்.

சீசனின் கடைசி லோடு வரும் வாரத்தில் ஒரு வேலை பாக்கி. நிறுத்திக்கொள்ள முடியாமல் அனுப்பும் ஆட்களில் நோட்டில் பெயர் வந்தவர்களிடம் என்ன கவனித்தோம் என்பதைச் சொல்லி, அடுத்த மே மாதம் எந்த வேலைக்கு, எந்தக் கூலிக்குக் கூப்பிடுவோம் என்று எழுதிக் கொடுங்கள். போன் நம்பர் வாங்கும்போது இரண்டு வாங்குங்கள். ரீசார்ஜ் செய்யாத சிம் எட்டு மாதத்தில் வேறு யார் கைக்கோ போயிருக்கும். இரண்டாவது நம்பர் அவர் ஊர் மளிகைக் கடை நம்பராக இருந்தால் நல்லது.